மீன்கொத்திக்காகக் காற்று நின்ற கதை: ‘ஹால்சியன்’ என்ற சொல்

கேள்வி இதுதான்: ‘ஹால்சியன் டேஸ்’ என்று ஆங்கிலக் கட்டுரைகளில் வருகிறது. அகராதியைத் திறந்தால் ‘அமைதியான, இன்பமான’ என்று ஒரு பொருளும் ‘மீன்கொத்தி’ என்று இன்னொரு பொருளும் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது என்கிறார்களே, அந்தக் கதை என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுக்குளிர்காலத்தில், கடல் கொந்தளிக்கிற பருவத்தில், சில நாட்கள் மட்டும் காற்று அடங்கிக் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த நாட்களில்தான் மீன்கொத்தி கடல்மேல் கூடு மிதக்கவிட்டு அடைகாக்கிறது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். மீன்கொத்திக்கு அவர்கள் மொழியில் ‘அல்கியோன்’ என்று பெயர். அந்தப் பறவையின் நாட்கள்தான் ஹால்சியன் நாட்கள். பறவை பெயர்ச்சொல், அமைதி அதிலிருந்து கிளைத்த பெயரடை.

ஆனால் இதோடு நிறுத்தினால் சொல்லின் பாதிதான் கிடைக்கும். இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இதைப் ‘பொற்காலம்’ என்ற பொருளில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கதையைப் படித்தால் இது பொற்காலமே இல்லை என்று தெரியும். இரண்டு புயல்களுக்கு நடுவே, அதுவும் ஒரு சாவுக்குப் பிறகு, கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்ட சில நாட்கள். அதனால் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கதையை விரிவாகச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். கி.பி. 8 வாக்கில் முடிந்த அவருடைய ‘மெட்டமார்ஃபசிஸ்’ காவியத்தின் 11ஆம் பாகத்தில் வருகிறது. தெர்மோபைலே கணவாய்க்குப் பக்கத்தில் ட்ராகிஸ் என்று ஓர் ஊர். அதன் அரசன் கேயிக்ஸ் (ஆங்கிலேயர் வாயில் ‘சீயிக்ஸ்’), விடிவெள்ளியின் மகன். அவன் மனைவி அல்கியோனி, காற்றுகளையெல்லாம் அடைத்து வைத்துக் காவல் காக்கும் ஏயோலஸின் மகள். கேயிக்ஸுடைய அண்ணன் தன் மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் மலையிலிருந்து குதித்துப் பருந்தாகிப் போனான். அடுத்தடுத்து கெட்ட சகுனங்கள். குறி கேட்டுவர வேண்டும் என்று தோன்றியது கேயிக்ஸுக்கு. பக்கத்திலிருக்கும் டெல்ஃபிக்குப் போகும் வழியைக் கொள்ளைக்காரர்கள் மறித்திருந்தார்கள். சரி, கடல் தாண்டி ஆசியா மைனர் கரையிலுள்ள கிளாரோஸுக்குப் போகலாம் என்று முடிவு செய்தான்.

அல்கியோனி தடுத்தாள். அவள் வாதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘என் மாமனார் காற்றுகளின் அதிபதி, எனக்கு என்ன பயம்’ என்று நினைத்துவிட வேண்டாம் என்கிறாள். அப்பா வீட்டில் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் காற்றுகளை நேரில் பார்த்தவள் அவள். ஒருமுறை வெளியே விட்டுவிட்டால் அவற்றை யாராலும் அடக்க முடியாது, பார்த்ததனால்தான் பயப்படுகிறேன் என்கிறாள். கரையில் உடைந்த பலகைகள் ஒதுங்குவதையும், உடல் கிடைக்காதவர்களுக்காகக் கட்டிய வெறும் கல்லறைகளில் பெயர் பொறித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன் என்கிறாள். போயே ஆக வேண்டுமென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறாள். கேயிக்ஸுக்கு மனம் கரைகிறது, ஆனால் பயணத்தை விடவும் மாட்டான், அவளை ஆபத்தில் இழுக்கவும் மாட்டான். நிலா இரண்டு முறை நிறைவதற்குள் திரும்பிவிடுவேன் என்று விடிவெள்ளியான தன் தந்தைமேல் ஆணையிட்டுக் கிளம்பினான்.

பாதிக் கடலில் இரவு புயல் பிடித்தது. பாய்மரத்தை இறக்கச் சொல்லித் தலைவன் கத்துகிறான், காற்றின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். ஒருவன் துடுப்பை உள்ளே இழுக்கிறான், ஒருவன் கடலை மொண்டு கடலிலேயே கொட்டுகிறான். ஒன்பது அலைகளைத் தாங்கிய கப்பலைப் பத்தாவது பேரலை ஏறி அமுக்குகிறது. செங்கோல் பிடித்த கையால் உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான் கேயிக்ஸ். வாய் திறக்க அலை விடும்போதெல்லாம் அல்கியோனி பெயரைச் சொல்கிறான், தண்ணீருக்குள் போனபிறகும் சொல்கிறான். தன் உடலாவது அவள் கண்ணெதிரே ஒதுங்கட்டும் என்பது கடைசி வேண்டுதல். அன்று விடிவெள்ளியைப் பார்க்க முடியவில்லை. வானத்தை விட்டு இறங்க அவனுக்கு அனுமதி கிடையாது, அதனால் மேகத்தால் முகத்தை மூடிக்கொண்டான் என்று எழுதுகிறார் ஓவிட்.

இங்கே அல்கியோனிக்கு ஒன்றும் தெரியாது. நாள் எண்ணிக்கொண்டு, அவன் வந்ததும் உடுத்தத் துணி நெய்துகொண்டு, ஜூனோ தேவியின் கோயிலுக்குப் போய் ‘என் கணவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும்’ என்று தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். இறந்துபோனவனுக்காக வரும் வேண்டுதலை ஜூனோவால் தாங்க முடியவில்லை. இதில் இரக்கம் மட்டும் இல்லை, தீட்டும் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்காரி அதை அறியாமல் பலிபீடத்தைத் தொடுகிறாளே என்ற சங்கடம். இந்த இடம் நம் வாசகர்களுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். வானவில் தேவதை ஐரிஸைக் கூப்பிட்டு, உறக்கக் கடவுளிடம் போய் இவளுக்குக் கனவில் உண்மையைச் சொல்லச் சொல் என்று அனுப்புகிறாள்.

அடுத்து வருவது உறக்கத்தின் குகை. அங்கே சேவல் கூவாது, நாய் குரைக்காது. கீல் கிரீச்சிடும் என்பதற்காக வீட்டுக்குக் கதவே வைக்கவில்லை. வாசலில் கசகசாச் செடிகள் பூத்துக் கிடக்கின்றன. உள்ளே கருங்காலிக் கட்டிலில் உறக்கக் கடவுள் படுத்திருக்கிறார். ஐரிஸ் வந்த வெளிச்சத்தில் கண் திறக்கிறார், தாடை நெஞ்சில் இடிக்கிறது, மறுபடி கண் செருகுகிறது. ஐரிஸுக்கே தூக்கம் சொக்கிக்கொண்டு வர, செய்தியைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். அவர் தன் ஆயிரம் மகன்களில் மனித உருவம் எடுப்பதில் தேர்ந்தவனை எழுப்பி அனுப்புகிறார். அவன் பெயர் மார்ஃபியஸ்.

ஆமாம், அதே மார்ஃபியஸ்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ‘மார்ஃபியம்’ என்று பெயர் வைத்தது இவனை வைத்துத்தான். பின்னாளில் அது மார்ஃபின் ஆயிற்று. ஒரே கதையிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் போயிருக்கின்றன. அபின் எடுப்பது குகை வாசலில் பூத்த அதே கசகசாச் செடியிலிருந்துதான்.

சரி, கதைக்கு வருகிறேன். மார்ஃபியஸ் கேயிக்ஸின் உருவில், வெளிறிய முகமும் நீர் சொட்டும் தாடியுமாக அல்கியோனியின் கட்டிலருகே நின்று, ‘நான் இறந்துவிட்டேன், வீணாக வேண்டாதே, எழுந்து எனக்காக அழு’ என்கிறான். விடிந்ததும் அவள் கணவனை வழியனுப்பிய அதே இடத்துக்குப் போகிறாள். தூரத்தில் ஏதோ மிதந்து வருகிறது. யாரோ பாவம் என்று நினைக்கிறாள், அந்த ஆளுக்கு மனைவி இருந்தால் அவளும் பாவம் என்கிறாள். அலை ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள முகம் தெரிகிறது. அலைதடுப்புச் சுவர்மேல் ஏறிப் பாய்கிறாள். பாய்ந்தவள் கடலில் விழவில்லை, பறக்கிறாள். புதிதாக முளைத்த கடினமான அலகால் அவனை முத்தமிடப் பார்க்கிறாள். கடவுளர் இரங்கி அவனையும் பறவையாக்குகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏழு நாள் அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்க, ஏயோலஸ் காற்றுகளை உள்ளே பூட்டி வைக்கிறான். தன் பேரப்பிள்ளைகளுக்காக!

மருமகனைக் கொன்ற காற்றும் அவனுடையதுதான். அப்போது பூட்டாதவன் இப்போது பூட்டுகிறான், அதுவும் ஏழே நாளைக்கு. ஓவிட் இதை எங்கும் சுட்டிக்காட்டவில்லை, வாசகனிடம் விட்டுவிடுகிறார்.

ஓவிட்டுக்கு முன்பே இந்தக் கதைக்கு இன்னொரு வடிவம் இருந்தது. அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பில் அது ஓரிரு வரிதான்: கணவன் மனைவியைக் கடவுளரின் அரசி ‘ஹீரா’ என்றும், மனைவி கணவனைக் கடவுளரின் அரசன் ‘ஸியூஸ்’ என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள், அந்த அகங்காரத்துக்காக ஸியூஸ் இருவரையும் பறவைகளாக்கினார். தண்டனைக் கதையாக இருந்ததை ஓவிட் காதல் கதையாக்கினார். ஆங்கில இலக்கியத்துக்குள் போனது அவருடைய வடிவம்தான்.

நாட்கணக்கு வந்தது புராணத்திலிருந்து மட்டும் இல்லை. அரிஸ்டாட்டில் தன் விலங்கியல் நூலில், குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளுக்கு (ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள்) முந்திய ஏழு நாள், பிந்திய ஏழு நாள், ஆகப் பதினான்கு என்று எழுதுகிறார். முதல் ஏழில் கூடு கட்டும், அடுத்த ஏழில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்பது அவர் கணக்கு. இன்றைய நாட்காட்டியில் டிசம்பர் 14 தொடங்கி 28 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய கவிஞர் சிமோனிடீஸ் இதே பதினான்கு நாட்களைப் பாடிய வரிகளையும் மேற்கோள் காட்டுகிறார். கிரேக்க நாட்டில் நடுக்குளிர்காலத்தில் உயர் காற்றழுத்தம் வந்து நிலைகொண்டால் சில நாட்கள் காற்றில்லாமல் வெயிலடிப்பது உண்மை. பெரும்பாலும் ஜனவரியில் வரும் அந்த நாட்களை அவர்கள் இன்றும் ‘அல்கியோனிதெஸ் மெரெஸ்’ என்றுதான் சொல்கிறார்கள், வானிலைச் செய்தியிலும் அதே பெயர்தான். வானிலை உண்மை, பறவைதான் கற்பனை.

மீன்கொத்தி கடலில் கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தில் முட்டையிடுவதும் இல்லை. ஐரோப்பாவின் மீன்கொத்தி வசந்தத்தில் ஆற்றங்கரை மண்ணில் கை நீளத்துக்கு வளை குடைந்து, அதன் கடைசியில் உள்ள சின்ன அறையில் வெள்ளை முட்டை இடும். பிறகு கிரேக்கர்கள் கூடு என்று எதைப் பார்த்தார்கள்? கரையில் ஒதுங்கும் பஞ்சு போன்ற, உருண்டையான ஏதோ கடற்பொருளைக் கூடு என்று நினைத்திருக்கிறார்கள். ‘அல்கியோனியம்’ என்று அதற்குப் பெயரே இருந்தது. தோல் நோய்க்கு மருந்தென்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இன்றும் ஒரு வகை மென்பவளத்தின் அறிவியல் பெயர் அதுதான். இதில் ஒரு சுவாரசியம்: அந்தக் கூடு மீன் முள்ளால் கட்டியதாக இருக்கலாம் என்கிறார் அரிஸ்டாட்டில். கடல் கூடு பொய். ஆனால் நிஜ மீன்கொத்தியின் வளைக்குள் பார்த்தால், அது கக்கிப்போட்ட மீன் முட்கள் முட்டைக்கு அடியில் மெத்தையாகக் கிடக்கும். யாரோ ஒருவர் வளைக்குள் கைவிட்டுப் பார்த்த சேதி, அலைந்து திரிந்து அவர் காதுக்கு எட்டியிருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தப் பறவையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, பளீரென்ற நீல முதுகு, பெரிய சிவப்பு அலகு, அந்த வெண்மார்பு மீன்கொத்திக்கு அறிவியல் பெயர் ‘ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்’. தண்ணீரே இல்லாத இடத்திலும் ஓணான், வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுகொண்டு காலம் தள்ளும், பேருக்குத்தான் மீன்கொத்தி. ‘ஸ்மிர்னென்சிஸ்’ என்றால் ஸ்மிர்னா ஊரது என்று பொருள், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பறவையின் படத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டார். இஸ்மிருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் கிளாரோஸ் இருக்கிறது, கேயிக்ஸ் போய்ச் சேராத அதே கிளாரோஸ்.

பறவையியலாளர்கள் கணவனையும் விட்டுவைக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கிற, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டி மீன்கொத்தியின் பேரினத்துக்கு ‘சீயிக்ஸ்’ என்று பெயர். ‘அல்கியோன்’ என்ற பெயர் வட அமெரிக்க ஆறுகளில் வாழும் பட்டை மீன்கொத்தி இனத்துக்குப் போய்விட்டது. கடவுளர் சேர்த்து வைத்த ஜோடியைப் பெயர் வைத்தவர்கள் ஆளுக்கொரு கண்டத்தில் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

இனி, சொல் இங்கிலாந்துக்குப் போன வழி. கிரேக்க மூலத்தில் ‘ஹ’ ஒலி கிடையாது, ‘அல்கியோன்’தான். ‘ஹல்ஸ்’ என்றால் கடல், ‘கியோன்’ என்றால் கருவுறுவது, ஆக ‘கடலில் கருவுறும் பறவை’ என்று பின்னால் வந்தவர்கள் பிரித்துப் பொருள் சொல்லி ‘ஹ’வை ஒட்டவைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலபுராணம் சொல்லும் பொருளைப் போல, கதையிலிருந்து சொல்லுக்குப் போன பொருள் இது. தப்பான அந்த எழுத்துத்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தக் கதையை எடுத்தாள்கிறார். ஜான் ஆஃப் கான்ட் பிரபுவின் மனைவி பிளான்ச் 1368இல் இறந்ததை ஒட்டி எழுதிய ‘புக் ஆஃப் தி டச்சஸ்’ கவிதையில், தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் ஒருவன் பொழுதுபோக இந்தக் கதையைப் படிக்கிறான். அவன் மனதில் நிற்பது அல்கியோனியின் துக்கத்தைவிட அந்த உறக்கக் குகை. என்னைத் தூங்க வைத்தால் மார்ஃபியஸுக்குப் புறா இறகு மெத்தை வாங்கித் தருகிறேன் என்று வேண்டிக்கொள்கிறான்! வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் சாசர் ஒன்று செய்கிறார்: பறவையாகும் பகுதியை வெட்டிவிடுகிறார். அவருடைய அல்கியோனி மூன்றாம் நாள் இறந்துபோகிறாள், அவ்வளவுதான். மனைவியை நிஜமாகவே இழந்தவர் படிக்கப்போகும் கவிதையில், இறந்தவர்கள் சிறகு முளைத்துத் திரும்பி வருவதாக எழுத அவருக்கு மனம் வரவில்லை போலும்.

ஷேக்ஸ்பியர் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார். ‘ஆறாம் ஹென்றி’ முதல் பகுதியில் ஜோன் ஆஃப் ஆர்க், நான் போருக்குள் வந்துவிட்டேன், இனி ஹால்சியன் நாட்களை எதிர்பாருங்கள் என்கிறாள். போருக்கு நடுவே அமைதி, சொல்லின் பழைய பொருளுக்கு ஒட்டிய இடம். ‘லியர் அரச’னில் வருவது வேறு. எஜமானன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ‘ஹால்சியன் அலகைத்’ திருப்பும் ஜால்ராக்கள் என்று லியரின் விசுவாசி கென்ட் திட்டுகிறான். இதற்குப் பின்னால் ஒரு நாட்டு நம்பிக்கை இருக்கிறது. செத்து உலர்ந்த மீன்கொத்தியை உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டால், காற்று வரும் திசைக்கு அலகு திரும்பும் என்று நம்பினார்கள். நார்விச் மருத்துவர் தாமஸ் பிரவுன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். மக்களின் மூடநம்பிக்கைகளைப் பற்றி 1646இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார்: ஒரே அறையில் இரண்டைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை, பல நேரம் எதிரெதிர்த் திசையைப் பார்க்கின்றன. அந்தக் காலத்துக்கு எவ்வளவு சுத்தமான பரிசோதனை பாருங்கள்.

மில்டன் 1629இல் எழுதிய கிறிஸ்து பிறப்புக் கவிதையில், பெயரைச் சொல்லாமல் ‘அமைதியின் பறவைகள்’ மயங்கிக் கிடக்கும் அலைமேல் அடைகாப்பதாக எழுதுகிறார். கிறிஸ்துமஸும் அரிஸ்டாட்டிலின் பதினான்கு நாளும் ஒரே பருவத்தில் விழுவது அவருக்கு வசதியாகப் போயிற்று. இதற்குப் பிறகு பறவை மெல்ல மெல்ல மறைந்து, ‘நாட்கள்’ மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியதும் திசை மாறிவிட்டது. பழைய வழக்கில் ஹால்சியன் நாட்கள் நடந்துகொண்டிருப்பவை, அல்லது ஜோன் சொல்வதுபோல வரப்போகிறவை. இன்றைய வழக்கில் அவை எப்போதும் போய்விட்டவை: கல்லூரிக் காலம், கிரிக்கெட்டின் அந்தக் காலம், முதல் உலகப் போருக்கு முந்திய 1914 கோடைக்காலம். இதைத் தவறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கானோர் அப்படி எழுதுகிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் எந்த இடத்தில் சொல் உயிரோடிருக்கிறது என்று கேட்டால், 1914 கோடை என்பேன், கல்லூரிக் காலம் என்றால் யோசிப்பேன். முன்னும் பின்னும் புயல் இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. எப்போதும் நன்றாகவே இருந்த காலத்துக்கு ‘கோல்டன்’ போதும்.

தமிழில் பெயர்க்க வேண்டி வந்தாலும் இதே அளவுகோல்தான். ‘புயலுக்கு முந்திய அமைதி’ நம்மிடம் வழக்கில் இருக்கிறது, ஆனால் அதில் மிரட்டல் தொனி உண்டு, அது வேறு. இடத்துக்குத் தகுந்தபடி ‘காற்று ஓய்ந்த நாட்கள்’ என்றோ ‘இடையில் கிடைத்த நிம்மதி’ என்றோ எழுதலாம். ‘பொற்காலம்’ கடைசிப் பட்சம்.

சில்லறை விஷயங்கள் மூன்று. உச்சரிப்பு ‘ஹால்-சி-யன்’, அழுத்தம் முதல் அசையில், நடுவில் ‘க’ கிடையாது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் மிகப் பிரகாசமான விண்மீனுக்கும் ‘அல்கியோனி’ என்றுதான் பெயர், ஆனால் அவள் அட்லஸின் மகள், நம் கதையின் அல்கியோனி இல்லை. இணையத்தில் இரண்டு பேரையும் ஒன்றாகக் குழப்பிய பக்கங்கள் நிறைய இருக்கின்றன. கடைசியாக, ‘ஹால்சியான்’ என்று ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரே ஓர் எழுத்து (y-க்குப் பதில் i) மாறிய ஒரு தூக்க மாத்திரை உண்டு, மருந்தின் பெயர் ட்ரையசோலம். பக்க விளைவுகள் பற்றிய புகார்களால் பிரிட்டன் 1991இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. பழைய ஆங்கிலச் செய்திகளில் அந்த எழுத்துக்கூட்டைப் பார்த்தால் அது அச்சுப்பிழை இல்லை.